முல்லை நகரின் பதினாறாம் லூயி

முல்லை நகர்,
சங்கரன்கோவில்.
வியாழக்கிழமை.

ராயகிரியில் வயலும் வரப்புமாக வாழும் அன்பு மாப்பிள்ளை பாண்டியராஜனுக்கு, உன் அத்தான் சௌந்தரபாண்டியன் ஆசிகள் பல கூறி எழுதுவது. இங்கே நானும் நலம், உன் அக்கா யோகலட்சுமியும் நலம். ஆனால் தனித்தனியாக நலம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் புதிதாகக் கன்று போட்ட மாடும் சேர்ந்தே நலமாக இருக்க சங்கரநாராயணரை வேண்டுகிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அடுப்படி வரைக்கும் கேட்கிறது.

மாப்பிள்ளை, ஓய்வு பெறும்வரை ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்தியவன் நான். 'பதினாறாம் லூயி செய்த தவறுகளை விவரி' என்று ஐந்து மார்க் கேள்வி கேட்டு, நாலு தவறு எழுதிய பிள்ளைக்கு ஒரு மார்க் குறைத்தவன். அப்படிப்பட்ட நான் இந்த ஒரு மாதத்தில் அந்த ஐந்தையும் வரிசை மாறாமல் செய்து முடித்திருக்கிறேன்.

எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு நான் தலைவரானது, வேறு யாரும் கூட்டத்துக்கு வராத ஒரு நாளில் என்பது உனக்குத் தெரியும். அதன்பிறகு தேர்தல் வைக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்தி, யார் ஓட்டுவது என்று எதற்குக் கேட்க வேண்டும்? நகரில் மூன்று வரிசை வீடுகள். முதல் வரிசை, ஆரம்பத்தில் மனை வாங்கிய எங்களுடையது. இரண்டாவது, உத்தியோகஸ்தர்கள். மூன்றாவது வரிசையில்தான் கூட்டம்; எல்லாம் வாடகைக் குடித்தனம், தறிக்குப் போகிறவர்கள், பூ மார்க்கெட்டுக்குப் பூ கட்டுகிறவர்கள். தண்ணீர் சங்கத்து போர்வெல்லிலிருந்து வருகிறது. காலையில் முதல் வரிசைக்கு வால்வைத் திறப்போம், பிறகு இரண்டாவது, மிச்சம் இருந்தால் மூன்றாவது. இதுதான் வழக்கம். மோட்டார் ரூம் சாவி என் இடுப்பில்.

இந்த வருடம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் ஜனம் திரண்டு வருமே, நம் நகருக்கு ஓர் ஆர்ச் இருந்தால் கௌரவமாக இருக்கும் என்று தோன்றியது. மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்ட வைத்திருந்த சங்கப் பணத்தை எடுத்து ஆர்ச் கட்டினேன். அதன் மேல், நான் கை கூப்பிப் பக்தர்களை வரவேற்பதுபோல ஒரு ஃப்ளெக்ஸ். ஆர்ச் அழகாக வந்தது. மோட்டார்தான் முனக ஆரம்பித்தது.

மூன்றாம் வரிசை இசக்கியம்மாள் காலிக் குடத்தோடு வாசலுக்கு வந்தாள். “அண்ணாச்சி, எங்களுக்குத் தண்ணி நூலு மாதிரி வருது. பூவுல தெளிக்கக்கூட காணமாட்டேங்கு” என்றாள். நான் அப்போது ஃப்ளெக்ஸ்காரரிடம், என் மீசையைக் கொஞ்சம் கருப்பாக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கவனத்தில், “தண்ணி வரலன்னா கேன் தண்ணி வாங்கிக்கிட வேண்டியதுதான?” என்று சொல்லிவிட்டேன்.

ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று பிரெஞ்சு ராணி சொன்னதாக உலகமே சொல்கிறது. அவள் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று வருடா வருடம் மேஜையைத் தட்டி நடத்தியிருக்கிறேன். நான் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. உன் அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு என்னோடு பேச்சை நிறுத்தியவள்தான். சாப்பாடு வருகிறது, காப்பி வருகிறது, வார்த்தை வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். நான் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னால் சுவர் பேசுவதில்லை.

நெருக்கடி முற்றவே பொதுக்கூட்டம் கூட்டினேன். லூயியும் அப்படித்தான் கூட்டினார். அங்கே பாதிரிமார், பிரபுக்கள், பாமரர் என்று மூன்று பிரிவு. ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, பிரிவுக்கு ஒரு ஓட்டு. நானும் வரிசைக்கு ஒரு ஓட்டு என்று அறிவித்தேன். முதல் இரண்டு வரிசையும் எனக்கு. மூன்றாம் வரிசை எத்தனை பேர் வந்தாலும் ஒன்றுதான். கணக்கு எனக்குச் சரியாக வந்தது. கூட்டத்தன்றைக்குச் சங்க ஹாலில் வெள்ளையடித்த ஈரம் காயாததால் பூட்டி வைத்திருந்தேன், சதி எதுவும் இல்லை. மூன்றாம் வரிசைக்காரர்கள் நேரே ஷட்டில் கோர்ட்டுக்குப் போய், நெட்டைக் கழற்றிக் கீழே விரித்து உட்கார்ந்து, தலைக்கு ஒரு ஓட்டு வரும்வரை கலைவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார்கள். பிரான்சில் அது டென்னிஸ் கோர்ட். நமக்கு அவ்வளவு வசதி ஏது?

பொருளாளர் முகம்மது அர்ஷத்தை உனக்குத் தெரியும், பைப் கடை வைத்திருக்கிறவர். அவர் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, கடைசி வரிசைக்கு மொதல்ல தொறந்து விடுவோம், மத்தவங்களுக்குத் தன்னால வந்துரும். மோட்டார நானே பாத்துத் தாரேன்” என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் கோபம் வந்தது. வாட்ஸ்அப் குழுவிலேயே அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினேன். லூயி, ஜனங்களுக்குப் பிடித்த நிதியமைச்சர் நெக்கரை நீக்கினார். மூன்றாம் நாள் பாஸ்டில் சிறை விழுந்தது. எனக்கு மறுநாளே மோட்டார் ரூம் விழுந்தது. பாஸ்டிலில் ஏழு கைதிகளாவது இருந்தார்கள். மோட்டார் ரூமில் ஓர் ஓட்டை வாளியும் ஒரு பல்லியும் இருந்தன. இரண்டையும் விடுதலை செய்துவிட்டு, மூன்றாம் வரிசைக்கு வால்வைத் திறந்துகொண்டார்கள்.

பூட்டு உடைபடவில்லை, மாப்பிள்ளை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த மாற்றுச் சாவியைக் கொடுத்தது உன் உடன்பிறப்பு! நான் குதித்தேன். அவள் நிதானமாகச் சுவரிடம் சொன்னாள்: “ஒம்பதாங்கிளாஸ் பிள்ளையளுக்கு வருசக்கணக்கா வீட்டுல டியூசன் எடுத்தா, அடுப்படியில தோச சுடுதவளுக்கும் காது இருக்கும்லா?”

அதற்கு மேல் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. லூயியும் கடைசியில் மச்சினன் படை உதவும் என்று நம்பித்தான் எல்லைப் பக்கம் ஓடினார். அவர் மச்சினன் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி, எனக்கு நீ. வேஷ்டியை மாற்றிக் கைலி கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உன் ஊருக்குப் பஸ் ஏறினேன். வாசுதேவநல்லூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒருவர் என்னையே பார்த்தார். பெத்துராஜ் என்று பெயர். தினமும் நம் ஊர் மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டு வருகிறவர். “அண்ணாச்சி, முல்லை நகர் ஆர்ச்சுல கும்பிட்டுக்கிட்டு நிக்கது நீங்கதான?” என்றார்.

“நான் வேற ஆளு.”

“மூக்கு அதே மூக்கால்லா இருக்கு!” என்று இசக்கியம்மாளுக்குப் போன் போட்டுவிட்டார். லூயியைக் கூட, பண நோட்டில் அச்சடித்த முகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வார்கள். அவர் முகத்தையாவது அரசாங்கம் அச்சடித்தது. நான் என் முகத்தை நானே அச்சடித்தேன்.

அர்ஷத் பைக்கில் வந்து அழைத்துப்போனார். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஆர்ச்சுக்குக் கீழே நகரே நின்றது. யாரும் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. மேலே நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன், கீழே நான் கைலியோடு இறங்கினேன்.

வரும் ஞாயிறு ஷட்டில் கோர்ட்டில் தேர்தல், தலைக்கு ஒரு ஓட்டு. என்னை எதிர்த்து நிற்பது உன் அக்கா. தோற்றால்கூடத் தாங்கிக்கொள்வேன். சுவரோடு குடித்தனம் நடத்துவதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே நீ சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, தம்பி என்ற உரிமையில் அவளை வாபஸ் வாங்க வைத்து, என்னோடு பேசவும் வைக்க வேண்டியது. தாமதித்தால் என் கதியை ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பார்த்துக்கொள்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தங்கச்சிக்கு என் ஆசி. உன் வயலுக்கு நல்ல மழையும் உன் வீட்டுக்கு நல்ல சமாதானமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சௌந்தரபாண்டியன்,
தலைவர் (ஞாயிறு வரை).

பின்குறிப்பு, ஞாயிறு மாலை: கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நீ வர வேண்டாம். பாதிப் பேர் தறி ஷிப்டுக்குப் போய்விட்டதால் இரண்டு பக்கமும் கைகள் சமமாக வந்தன. ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் அக்காவைப் பார்த்தேன். அங்கே சுவர் எதுவும் இல்லை, அதனால் அவள் என்னைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. “என்னத்த பாக்கிய? கையத் தூக்குங்க” என்றாள். இத்தனை நாளைக்குப் பிறகு என்னிடமே பேசிய பேச்சு, மாப்பிள்ளை! சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். ஒன்றைத்தான் எண்ணினார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. புதிய தலைவரான உன் அக்காவின் முதல் உத்தரவு, அர்ஷத் மறுபடியும் பொருளாளர். இரண்டாவது, காலையில் மோட்டார் ரூமைத் திறந்து மூன்றாம் வரிசைக்கு முதல் வால்வு திறக்க வேண்டியது நான். லூயிக்குப் பூட்டுச் செய்வதில்தான் உயிராம்; அந்த வேலையோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். என் ஃப்ளெக்ஸை இறக்கி, பூக்கட்டும் இடத்துக்கு வெயில் படாமல் மேலே கட்டியிருக்கிறார்கள். ஆடித்தபசுக்குக் குடும்பத்தோடு வா. என்ன வேண்டுமானாலும் வாங்கி வா. கேன் தண்ணீர் மட்டும் வேண்டாம்.