ஒட்டுப் போடுகிறவர்

சங்கரன்கோவில் பக்கத்தில் இப்போது புதிதாக ஓர் இனம் தலையெடுத்திருக்கிறது. ‘ஒட்டுப் போடுகிறவர்’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு முதலெழுத்தை நீட்டி ‘ஓட்டு’ என்று வாசித்துவிடாதீர்கள். அப்படி நீட்டியதால் ஓர் ஊரில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுகிறோமே, அந்த ஒட்டு. இவர் போடுவது கம்ப்யூட்டர் நிரலில். அதுவும் சொந்த நிரலில் அல்ல. எங்கேயோ யாரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று கதவைத் திறந்து போட்டிருக்கிறார்களே, அந்த நிரலில். கூப்பிட்டார்களா? இல்லை. கூலி உண்டா? அதுவும் இல்லை. பின்னே எதற்குப் போகிறார்? நடுரோட்டில் லாரி பின்னால் எடுக்கும்போது, முன்பின் தெரியாதவர் ஒருவர் நின்று ‘வா, வா, லெஃப்ட்ல ஒடி’ என்று கைகாட்டுகிறாரே, அவரைப் போய்க் கேளுங்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். வீட்டு அடுப்படியில் குழாய் போன ஆடித்தபசுத் திருவிழாவிலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க இவருக்கு நேரம் இராது. ஃபேன் மூன்றிலும் சுற்றாது, நாலிலும் சுற்றாது, ஐந்தில் வைத்தால் தலையில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும், அதையும் தொடமாட்டார். ஆனால் பூமிப்பந்தின் மறுகோடியில் ஒரு நிரலில் ஓர் அடைப்புக்குறி கோணலாக இருந்துவிட்டால் சாதம் இறங்காது. கேட்டால் ஒரே பதில்தான் வரும்: ‘சும்மா நாலு வரிதான்.’ இந்த நாலு வரிக்குப் பயந்துகொள்ளுங்கள்.

நான் சொல்லப்போகிற லிங்கேஷ் இந்த இனத்தில் நன்றாக விளைந்தவன். கழுகுமலை ரோட்டில் வீடு. பகலெல்லாம் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு உழைப்பு, மிச்ச நேரமெல்லாம் ஒட்டு. அவன் ஒட்டுப் போட எடுத்துக்கொண்டது ஒரு விசித்திரமான கருவி. நாம் செல்போனில் அனுப்புகிற காலை வணக்கப் படம் முதல் கரண்ட் பில் வரை எல்லாமே சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் நெட்டில் போகின்றன. அந்தப் பாக்கெட்டுகளைப் பிரித்து, ‘இது இன்னார் இன்னாருக்குச் சொன்னது, உள்ளே இருப்பது இன்னது’ என்று வாசித்துக்காட்டும் கருவி அது. உலகத்துச் சாதனங்கள் பேசுகிற பாஷையெல்லாம் அதற்கு அத்துப்படி. தெரியாத பாஷையும் ஒன்று உண்டு என்பதை லிங்கேஷ் கண்டுபிடித்தது, பனவடலிசத்திரத்தில், அவன் தாய்மாமன் மருதப்பனின் கிணற்றடியில்.

மருதப்பன் பிச்சிப்பூ பயிரிட்டிருக்கும் சம்சாரி, அதாவது விவசாயி. மோட்டார் ரூமில் புதிதாக ஒரு பெட்டி மாட்டியிருந்தார். வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனைத் தட்டினால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். கரண்ட் போனாலும், கிணற்றில் தண்ணீர் தீர்ந்தாலும் பெட்டி தானாக மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனில் கூப்பிட்டுச் சொல்லும். அந்தப் பெட்டி என்னதான் பேசுகிறது பார்ப்போமே என்று லிங்கேஷ் தன் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக் கருவியை ஓடவிட்டான். கருவி கையை விரித்துவிட்டது. ‘தெரியாத தரவு’ என்றது. நீங்களும் நானும் என்றால் லேப்டாப்பை மூடிவிட்டு இளநீர் குடிக்கப் போயிருப்போம். லிங்கேஷ் முகமோ, பந்தியில் தன் இலைக்கு மட்டும் அப்பளம் வராதவன் முகம்போல் ஆகிவிட்டது.

உட்கார்ந்தான், எழுதினான். அந்தப் பெட்டியின் பாஷையைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கும் ஒட்டு தயாரானது. அனுப்பினான். இப்படி வருகிற ஒட்டுகளைச் சோதித்துச் சேர்ப்பதற்கென்று அங்கே சிலர் இருக்கிறார்கள். இவன் ஒட்டைச் சோதிக்க வந்தவர் ஹென்ரிக் என்பவர். எந்த நாடு என்று தெரியாது. பெயரைப் பார்த்தால் குளிர்தேசம்.

‘அருமையான வேலை, நன்றி. ஒரே ஒரு சின்ன விஷயம்: அசல் சாதனத்திலிருந்து பதிவு செய்த பாக்கெட்டுகளை மாதிரிக்கு அனுப்ப முடியுமா?’ என்று கேட்டிருந்தார் ஹென்ரிக்.

லிங்கேஷ் பைக்கை எடுத்தான்.

“மாமா, மோட்டர ஒருக்கா போட்டு நிறுத்துங்க.”

“எதுக்குல?”

“நம்ம மோட்டர் பேசுதத வெளிநாட்டுக்காரன் கேக்கணும்னு சொல்லுதான்.”

மருதப்பன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பொத்தான்களையும் மாட்டினார். வெளிநாட்டுக்காரன் கேட்கும்போது வெற்றுடம்போடு நிற்க முடியுமா? மோட்டாரைப் போட்டார், நிறுத்தினார். “இன்னொருக்கா போடட்டா? இது கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு” என்று கேட்டார்.

அந்தப் பதிவு போனது. ஹென்ரிக் மகிழ்ந்தார். ஒரே ஒரு சின்ன விஷயம்: கரண்ட் போகும்போது பெட்டி என்ன சொல்கிறது?

கரண்ட் போவதற்கா பஞ்சம் என்று மாமனும் மருமகனும் மோட்டார் ரூம் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போகவில்லை. பொழுது சாய்ந்தது, போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை. மின்சார ஆபீசுக்குப் போனைப் போட்டார்.

“சார், இன்னிக்கு எப்ப கரண்ட நிறுத்துவிய?”

“நிறுத்துத வேலையே இல்லைங்க.”

“ஒரு நிமிசம் நிறுத்திட்டுக் குடுங்களேன். வெளிநாட்டுக்கு அனுப்பணும்.”

“நீங்க யாரு பேசுதிய?” என்று எதிர்முனையில் கேட்டார்கள். மருதப்பன் வைத்துவிட்டார். கடைசியில் கம்பியில் ஒரு மயில் மோதிக் காரியத்தை முடித்துக்கொடுத்தது. மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஒரு பங்களிப்பாளர்தானே.

பதிவு போனது. ஹென்ரிக் நெகிழ்ந்தே போனார். ஒரே ஒரு சின்ன விஷயம்: கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது பெட்டி என்ன சொல்கிறது?

இங்கேதான் வந்தது வினை. ஐப்பசி மழை ஒரு வாரம் ஊற்றிவிட்டு நின்றிருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு மருதப்பன் கிணறு கைகழுவுகிற உயரத்துக்கு நிரம்பிக் கிடந்தது. தண்ணீர் இல்லாத கிணறு வேண்டுமென்றால் தண்ணீர் இருக்கிற கிணற்றைக் காலி செய்ய வேண்டும். வேறு வழி? பதிவை இட்டுக்கட்டி அனுப்பலாமே என்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. பெற்றவளிடம் பொய் சொல்வார்கள், ஹென்ரிக்கிடம் சொல்லமாட்டார்கள்.

அத்தை மாரித்தாய் நெஞ்சில் கைவைத்துவிட்டாள்.

“இந்தத் தண்ணிய நம்பித்தான பிச்சி நிக்கி? கார்த்திகைல முகூர்த்தம் வருது. அந்த நேரம் செடி வாடுனா யாரு பதில் சொல்லுவா? அந்த ஹென்றியா வருவான்?”

“ஹென்ரிக் அத்தை.”

“எவனோ ஒருத்தன்!”

மருதப்பன் மீசையைத் தடவினார். “ஏட்டி, உலகம் பூரா உக்காந்து நம்ம கிணத்தப் பாத்துக்கிட்டு இருக்கான். இப்ப போயி முடியாதுன்னா மரியாதையா?” என்றார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. சொந்தத் தோட்டம் நிறைந்தது. மேலே பாய்ச்சினால் பிச்சி அழுகிவிடும். எனவே மருதப்பன் மடையைத் திறந்து அடுத்தவருடைய புஞ்சைக் காட்டுக்கு விட்டார். அது நிறைந்ததும் அதற்கடுத்த காட்டுக்கு. இன்னொரு மழை வராதா என்று உளுந்தும் சோளமும் ஏங்கி நின்ற சமயம் அது. போன கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காகச் சொந்தச் சம்பந்தியோடு பேச்சை முறித்துக்கொண்ட மருதப்பன், இப்போது வரப்பில் நின்று ‘எனக்குப் போதும் அண்ணாச்சி’ என்றவர்களையும் விடாமல் ‘இன்னும் கொஞ்சம் விடுதேன், வாங்கிக்கிடும்’ என்று உபசரித்தார். ஊர் மிரண்டது. பெட்டிக்கடையில் நான்கு பேர் மறித்துக் கேட்டேவிட்டார்கள்.

“என்னவே, இப்படித் தண்ணிய வாரி விடுதீரு? என்ன விசேசம்?”

மருதப்பன் உள்ளதைச் சொன்னார்: “எல்லாம் ஒட்டுக்குத்தான்.”

உள்ளாட்சித் தேர்தல் வருது வருது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அவர்கள் காதில் அது என்னவாக விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

“அப்ப சரி. யாரு நிக்கா, நீரேவா?”

“நான் வெறுமன தண்ணி விடுதேன். ஒட்டுப் போடுதது என் மருமவன்.”

“மருமவன் ஒரு ஆளு போட்டாப் போதுமா? ஊரே போடணும்லா?”

“போட்டா நல்லதுதான். யாரு வேணும்னாலும் போடலாமாம், தடையே இல்லையாம்” என்றார் மருதப்பன், லிங்கேஷ் தனக்கு விளக்கியதை நினைவில் வைத்து.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் மருதப்பன் பிரசிடெண்டுக்கு நிற்கிறார் என்று குருவிகுளம் வரை சேதி போய்விட்டது. அவரைக் கண்டால் பைக்கிலிருந்து இறங்கிக் கும்பிட்டார்கள். யாரோ ஒருவர் தன் பேத்திக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டார். மருதப்பன் எதையும் மறுக்கவில்லை. வெளிநாட்டில் தனக்கு இருக்கிற மதிப்பு உள்ளூருக்கும் தெரிந்துவிட்டது என்றே அவர் நினைத்தார்.

மோட்டார் ஓட ஓடக் கிணறு இறங்கியது. ஒருவழியாக அடியில் சேறு தெரிந்தது. மோட்டார் கக்கிக் கக்கி நின்றது. மருதப்பனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். “வணக்கம். உங்கள் கிணற்றில் தண்ணீர் இல்லை. மோட்டார் நிறுத்தப்பட்டது” என்று ஒரு பெண்குரல் சொன்னது. அந்தக் கரிசல்காட்டில் தன் கிணறு வற்றியதைக் கேட்டுக் கைதட்டிய முதல் சம்சாரி மருதப்பனாகத்தான் இருப்பார். மருமகனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றாத குறை.

பதிவு போனது. நிரலின் கடைசி வரியில் ஓர் இடைவெளி அதிகமாக இருக்கிறது என்றார் ஹென்ரிக். லிங்கேஷ் அதை நீக்கினான். ஒட்டு சேர்ந்தது. பங்களித்தவர்கள் பெயர்களுக்கு நடுவே எங்கேயோ அவன் பெயரும் வந்தது. கண்ணில் நீர் தளும்ப லேப்டாப்பைக் கொண்டுபோய் அத்தையிடம் காட்டினான்.

“பாருங்க அத்தை. முன்ன ‘தெரியாத தரவு’ன்னு காட்டுச்சா? இப்ப என்ன காட்டுது? ‘தண்ணீர் இல்லை’!”

மாரித்தாய் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “இதத் தெரிஞ்சிக்கிடவா கிணத்தக் காலி பண்ணுனிய? எட்டிப் பாத்தாத் தெரியாதா?” என்று கேட்டாள்.

மழை ஏமாற்றியது. ஊற்றும் மெதுவாகத்தான் சுரந்தது. பிச்சி மொட்டு வைக்கிற நேரத்தில் இலை சுருண்டது. லிங்கேஷுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. விடிந்ததும் வந்து ஒவ்வொரு செடியாக வாளியில் தண்ணீர் ஊற்றினான். மருதப்பன் வெட்கத்தை விட்டு, தான் தண்ணீர் விட்ட பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய் அவர் போர்வெல்லிலிருந்து ஒரு மணிநேரத் தண்ணீர் கேட்டார்.

“அண்ணாச்சி, ஓட்டு ஒமக்குத்தான். அதுல மாத்தமே இல்ல. தண்ணி மட்டும் கேக்காதிய” என்றார் அவர்.

இந்த நிலையில்தான் பேச்சிராஜ் வந்தார். இப்போதைய பிரசிடெண்ட் அவர்தான். முற்றத்தில் நின்ற மருதப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நமக்குள்ள போட்டி எதுக்கு? நீங்க ஒதுங்கிக்கிட்டா என் போர்லேருந்து ஒங்க தோட்டத்துக்குக் குழாயே போட்டுத் தாரேன்.”

மருதப்பன் லிங்கேஷைப் பார்த்தார். லிங்கேஷ் தரையைப் பார்த்தான். நிற்காத இடத்திலிருந்து எப்படி ஒதுங்குவது? வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப்போன மருதப்பன், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாரித்தாயின் கண்ணைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, பெரிய தியாகம் செய்கிறவர்போல மெல்லத் தலையசைத்தார். குழாய் வந்தது. பிச்சி பிழைத்தது. முகூர்த்தத்துக்குப் பூவும் எடுத்தார்கள். ‘நல்ல மனுசன், கட்சிக்காரன் எல்லாஞ் சேந்து நிக்க விடாமப் பண்ணிட்டான்’ என்று ஊர் இன்றைக்கும் மருதப்பனுக்காக வருந்துகிறது. லிங்கேஷ் இனி அந்தக் கிணற்றுப் பக்கமே போவதில்லை என்று அத்தைக்குச் சத்தியம் செய்திருக்கிறான். கடையநல்லூரில் ஒரு நண்பன் வீட்டில் மாடித் தொட்டிக்கு வேறுமாதிரிப் பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். சும்மா பார்க்கத்தான்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, நல்லவேளை, நமக்கு இந்த நோய் இல்லை என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். கிணறு நிரம்பியிருக்கிறது என்று நான் சொன்ன இடத்தில், ‘எதற்குக் கிணற்றைக் காலி செய்ய வேண்டும், தண்ணீருக்குள் கிடக்கிற மோட்டாரைக் கயிறு கட்டித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கிவிட்டால் போதாதா?’ என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியதோடு நிற்காமல், கயிறு என்ன கனம் வேண்டும், இழுக்க எத்தனை ஆள் வேண்டும் என்பது வரைக்கும் போனீர்களா இல்லையா? உங்களை யாராவது கேட்டார்களா?

பாவம், உங்கள் மாமா எந்த ஊரில் இருக்கிறார்?