கப்பல் வீட்டுக்கு அனுமதி இல்லை

"கப்பலுக்கு அனுமதி கிடையாதுங்க பாய்" என்றார் பக்தவச்சலம்.

பக்கீர் முஹம்மது மேஜைமேல் கிடந்த தன் வரைபடத்தைப் பார்த்தார். முன்பக்கம் கூராக நீண்டிருந்த மூக்கின் மேல் சிவப்புப் பென்சில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது.

"கப்பல் இல்ல சார். வீடு. கப்பல் மாதிரி வீடு."

"கப்பல் மாதிரி வீட்டுக்கும் கிடையாது."

பேரூராட்சி அதிகாரி பக்தவச்சலம் குரலை உயர்த்தாத மனிதர். நெற்றியில் மெல்லிய நாமம். பேசும்போது எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்ப்பார். அங்கே வெயிலில் உப்புக் குவியல்கள் வரிசையாக மினுங்கிக்கொண்டிருந்தன.

"ஊருக்குன்னு ஒரு முகம் இருக்குது பாய். வெள்ளையா உப்பு, நீலமா வானம், நடுவுல தாழ்வா நாலு வீடு. பஸ்ஸுல தூங்கிட்டு வர்றவன் கண்ணைத் திறந்தா நம்ம ஊர் வந்துடுச்சுன்னு தெரியணும். உங்க கப்பலைப் பார்த்தா துறைமுகம் எதுலயோ வந்து நிக்கிறோம்னு பயந்துடுவான்."

"என் மனை, என் காசு, நான் இருக்கப்போற வீடு. இதுல ஊருக்கு என்ன சார்?"

"உள்ள நீங்க இருப்பீங்க. வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கிட்டு ஊருதானே இருக்கணும்?"

பக்கீர் படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஷார்ஜா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். அந்தரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி, வெள்ளை வெள்ளையாய்க் கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்தே வயதாகிவிட்டது. எல்லாக் கப்பலும் எங்கேயோ போயின. அவர் மட்டும் கூண்டிலேயே இருந்தார். எங்கேயும் போகாத ஒரு கப்பலைச் சொந்த ஊரில் கட்டவேண்டும் என்று அங்கேதான் தோன்றியது. உப்பளத்தை ஒட்டி மனை வாங்கினார். மழைக்காலத்தில் பாத்திகள் எல்லாம் ஒன்றாகி, கழுவெளி ஏரிவரை ஒரே தண்ணீராய்க் கிடக்கும். அப்போது தன் வீடு கரையில் நங்கூரமிட்டு நிற்கும். கண்ணை மூடினால் அந்த வீடு ஆடுவதுகூட அவருக்குத் தெரியும்.

"ஆபீசர் மூக்கை வெட்டச் சொல்றாரு" என்றார் மனைவி சாயிராவிடம்.

"யாரு மூக்கைங்க?"

"கப்பல் மூக்கை. நீ என்ன நினைக்கிற? உனக்கு இந்த வீடு பிடிச்சிருக்குதுதானே?"

சாயிரா முறத்திலிருந்து நிமிரவில்லை. "நீங்க அத்தனை வருஷமா ஆசைப்பட்டது. நான் என்னத்தைச் சொல்றது?"

பக்கீருக்கு மனம் நிறைந்துவிட்டது. மூக்கை வெட்டினார். அந்த வருத்தத்தை ஈடுகட்ட, நாலு சுவரிலும் வட்ட வட்டமாய் ஜன்னல் வைத்துப் புதுப் படம் எடுத்துப்போனார்.

பக்தவச்சலம் வெகுநேரம் பார்த்தார். "இந்த ஓட்டை வழியா சமையல்கட்டுப் புகை எப்படி பாய் வெளிய போகும்? கிழக்கால ரெண்டு பெரிய ஜன்னல் வைங்க. சதுரமா."

வட்டங்கள் போயின. பக்கீர் விடவில்லை. மாடியில் கேப்டன் அறை ஒன்றைத் தூக்கி வைத்தார்.

"மேல அறை வேணாம். மொட்டை மாடியா விடுங்க. மிளகாய் காயும், துணி காயும்" என்றார் பக்தவச்சலம்.

கேப்டன் அறையும் போனது. கடைசியாகப் பக்கீர் ஒரு கொடிமரம் வரைந்து, பக்கத்தில் 'டி.வி. ஆன்டெனா' என்று எழுதிக் கொண்டுபோனார்.

"ஆன்டெனா சரி. இதுல எதுக்கு ஏணி?"

"ஏறித் திருப்பணுமே சார்."

"கொடி?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சாதானே திருப்ப முடியும்?"

பக்தவச்சலம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கொடிமரத்தின் மேலும் பென்சிலை இழுத்துவிட்டு, லேசாகக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார்: "அப்புறம்... கொல்லையில மீன் கழுவறதுக்குத் தனியா ஒரு மேடை போட்டுடுங்க. இடுப்பு உசரத்துக்கு. குனிஞ்சா முதுகு வலிக்கும்."

வெங்காயம்கூடத் தொடாத மனிதருக்கு மீன் கழுவும் மேடையைப் பற்றி இத்தனை அக்கறையா? சர்க்கார் சட்டத்தில் இதெல்லாம்கூட இருக்கிறதா என்று பக்கீர் மலைத்துப்போனார். மலைப்பு கோபமாயிற்று.

மறுநாள் காலை கொத்தனார் சகாதேவனை அழைத்தார். "மூக்கைக் கட்டு."

"அதான் வெட்டிட்டாங்களே பாய்."

"வீட்டுக்குத்தானே மூக்கு கூடாது? இது காம்பவுண்டு சுவரு. சுவருக்கு மூக்கு இருந்தா என்ன? நீ கட்டு."

சகாதேவன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கட்டினார். சில நாட்களில் சாலைத் திருப்பத்தில் ஒரு கப்பல் மூக்கு எழும்பி நின்றது. வெள்ளையும் அடித்தாகிவிட்டது. உப்பளத்துக் கானலில் அது அசைவதுபோலவே இருந்தது. பக்கீர் புளியமர நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்து, அரைக்கண்ணில் அதைப் பார்த்துக்கொண்டே ஏழு கடலும் சுற்றினார்.

மீனவர் குப்பத்து மங்கம்மா கூடையை இறக்கிவைத்து நின்றாள். "இன்னா பாய் இது, தண்ணி வந்தா மிதக்குமா?"

"மிதக்காது."

"அப்புறம் எதுக்கு இத்தனை சிமிட்டி?"

குப்பத்து ஆட்களும் வந்து பார்த்தார்கள். மூக்கு கோணல் என்றார்கள். இதை நம்பிக் கடலில் இறங்க முடியாது என்றார்கள். அவர்களுக்குப் பக்கீர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே உப்பு ஏற்ற வந்த லாரி திருப்பத்தில் திரும்பியது. வெயிலில் கண் கூசியிருந்த டிரைவர், எதிரே ஒரு கப்பல் வருவதைக் கண்டார். ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டி, லாரியோடு உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் டிரைவர் கீழே இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "யோவ், ரோட்டுல யாருய்யா கப்பல் விடறது?" என்று கேட்ட கேள்வி ஊர் முழுக்கப் பரவியது.

பக்தவச்சலம் வந்தார். திட்டவில்லை. மூக்கைச் சுற்றி நடந்தார், சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இடிக்கச் சொல்ல எனக்கே மனசு வரலை பாய். ஆனா இடிங்க."

பக்கீர் தரையில் உட்கார்ந்துவிட்டார். லீவும் முடியப்போகிறது. "நீங்களே சொல்லிடுங்க சார். என்னதான் கட்டணும்?"

பக்தவச்சலம் வானத்தைப் பார்த்துப் பாடம் ஒப்பிப்பவர்போல் சொன்னார்: "கிழக்கால பெரிய சமையல்கட்டு. ஒட்டினாப்புல சாமான் அறை. கிணத்துக்குப் பக்கத்துலயே துவைக்கற கல்லு. முன்னால நிழலா ஒரு வராந்தா. சுவரெல்லாம் வெள்ளை. நீங்க பொட்டி தூக்கிட்டுப் போயிடுவீங்க பாய். இங்க இருக்கப்போறது யாரு?"

பக்கீர் தலையாட்டினார். கடைசிக் கேள்வி மட்டும் முள்ளாய்த் தைத்தது. அந்த வீட்டை எத்தனையோ தடவை கனவு கண்டிருக்கிறார். எல்லாவற்றிலும் அவர் மேல்தளத்தில் நின்றார். சாயிரா எங்கே நின்றாள் என்று யோசித்துப் பார்த்தார். அவள் அந்தக் கனவில் இல்லவே இல்லை.

அடுத்த லீவில் பக்கீர் வருவதற்குள் வீடு சொன்னபடி எழுந்துவிட்டது. குடிபுகுந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டிருந்த ஒரு மாலை, பக்கீர் உப்பளத்தின் எதிர்க்கரைவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். பாத்திகள் மறைந்து எல்லாம் தண்ணீராகியிருந்தது. தண்ணீருக்குள் மேகம் போய்க்கொண்டிருந்தது. மேகத்தின்மேல் தாழ்வாக, வெள்ளையாக அவர் வீடு. மொட்டை மாடியில் சாயிரா உலர்த்தியிருந்த துணிகள் காற்றில் புடைத்து நின்றன. வீடு மெல்ல நகர்ந்தது. நகர்ந்தும் அங்கேயே இருந்தது.

"யா அல்லா" என்றார் பக்கீர். கண் கலங்கியது. மூக்கு இல்லை, வட்ட ஜன்னல் இல்லை, கொடிமரம் இல்லை. ஆனாலும் கப்பல்தான். அந்த ஆபீசர் மனுஷன் எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்!

அடுத்த வெள்ளிக்கிழமையே பக்தவச்சலத்தையும் அவர் மனைவி கமலாம்பாளையும் வீட்டுக்கு அழைத்தார். வராந்தாவில் நாற்காலி போட்டு, அதிகாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க மட்டும் தடுக்கலைன்னா நான் ஒரு கோமாளிக் கூடாரத்தைக் கட்டியிருப்பேன். ஒரு ஊருக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வேணும் சார். எவன் என்ன கட்டணும்னு பார்த்துச் சொல்றதுக்கு."

பக்தவச்சலம் நெளிந்தார். "என்னமோ, மனசுல பட்டதைச் சொன்னேன் பாய்."

பக்கீர் சர்பத் எடுக்க உள்ளே போனார். சமையல்கட்டில் கமலாம்பாள் கிழக்கு ஜன்னலைத் தடவிப் பார்த்தபடி சாயிராவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பைப்படியில நீ சொன்னதை ஒண்ணு விடாம எங்க வீட்டுக்காரர் காதுல போட்டுப் போட்டு உன் வீட்டை அழகா முடிச்சுட்டோம் சாயிரா, இப்ப அவரே திண்டிவனத்துல மனை வாங்கிட்டு, தேர் மாதிரிதான் வீடு கட்டுவேன்னு நிக்கிறாரு, அந்த ஊரு ஆபீசரோட வீட்டம்மா எந்தப் பைப்புல தண்ணி பிடிக்கிறாங்கன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்!"