சுயம்புலிங்கம் மாவட்டம் மாறிய கதை

இனி எந்த வேலைக்கும் போவதில்லை என்று சுயம்புலிங்கம் முடிவெடுத்தார். தலையே போனாலும் மாறாத முடிவு. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவு சூப்பர்வைசராக இத்தனை வருஷமும் நின்றே காலம் தள்ளியவர். முதலாளி கடையை மூடியதும், நின்றதற்கெல்லாம் சேர்த்து உட்கார்ந்துவிடுவது என்று கோட்டூர்புரம் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் மனைவி பேச்சியம்மாள் பொறுத்திருப்பார். வாய் உட்காரவில்லையே. துணி மடிப்பது சரியில்லை, வெங்காயம் ஒரே அளவாக இல்லை, குழம்பு கொதிக்க ஏன் இவ்வளவு நேரம் என்று வீட்டையே சேலைப் பிரிவாக்கிவிட்டார். சூப்பர்வைசர் அடுப்படிக்குள் நுழைந்த அன்று பேச்சியம்மாளும் ஒரு முடிவெடுத்தார். இந்த மனுஷரை வேலைக்கு அனுப்பியே தீருவது.

“வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பேரைப் பதிஞ்சிட்டு வாங்க. அப்புறந்தான் சாப்பாடு,” என்றார்.

சாப்பாடு என்றதும் சுயம்புலிங்கத்தின் மூளை சுறுசுறுப்பானது. அந்த ஆபீஸ் மாவட்டத்துக்கு மாவட்டம் தனி. கொடுக்கிற முகவரி எந்த மாவட்டமோ, அங்கேயிருக்கிற வேலைக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று மாடிவீட்டு உமர் ஃபாரூக் சொல்லியிருந்தார். அவரும் வேலை தேடிக்கொண்டிருந்தவர்தான். அப்படியானால் முகவரி தூரமாக இருந்தால் வேலையும் தூரமாகத்தானே வரும்? தூரம் என்று சொல்லித் தட்டிக்கழித்தால் யார் குற்றம் சொல்ல முடியும்? அடுத்த மாவட்டத்தில், சிங்கப்பெருமாள் கோயிலில் குடியிருக்கும் மைத்துனர் ஜெயராமின் வீட்டைத் தன் வீடென்று பதிந்துவிட்டு வந்து, மீன்குழம்பை ஒரு பிடி பிடித்தார்.

முதல் அடி மாடியிலிருந்து விழுந்தது. உமர் ஃபாரூக்குக்கு அடையாறில் வேலை கிடைத்துவிட்டது. ஏசி போட்ட கடை. உட்கார நாற்காலி. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இப்படியும் ஒரு வேலை இருக்கும் என்று சுயம்புலிங்கம் கனவிலும் நினைக்கவில்லை. வயிறு எரிந்தது.

“எனக்கு ஏன் பாய் கூப்பிடல?”

“அதான் எனக்கும் பிரியல. நீங்களும் இங்கதானே கீறீங்க?”

பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

சில நாளில் அவருக்கும் அழைப்பு வந்தது, மைத்துனர் வீட்டுக்கு. ஜெயராம் உடனே தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அது ஏன் அண்ணன் வீட்டுக்குப் போனது என்று பேச்சியம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுச்சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, தானே கூடப் போய் நேர்முகத் தேர்வில் உட்கார வைத்தார். அண்ணன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலைக் கிடங்குக்குப் பொறுப்பாளர். இவர் அனுபவத்தைக் கேட்டதும் எடுத்துக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும்.

சுயம்புலிங்கத்துக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“ஆறு மணிக்கு அங்க எப்படிப் போய்ச் சேருதது, பேச்சி? எனக்கு ஆசைதான். தூரமாப் போச்சே.”

“வாஸ்தவந்தான். இங்கருந்து தினமும் போய் வர முடியாது.”

இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். உள்ளே போன பேச்சியம்மாள் அவருடைய பெட்டியோடு திரும்பி வந்தார். வேட்டி, சட்டை, பல்பொடி வரைக்கும் அடுக்கியாகிவிட்டது.

“அண்ணன்கிட்ட பேசிட்டேன். மாப்பிள்ளை இங்கேயே தங்கட்டும்னு அவருக்கு ஒரே சந்தோஷம்.”

சுயம்புலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. ஜெயராம் விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பவர். ராத்திரிக்குக் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பவர். அதோடு விட்டாரா, வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் குளிக்கவும் குடிக்கவும் வைப்பவர். கூடவே நின்று மேற்பார்வையும் பார்ப்பார்.

கடைசி ஆயுதத்தை எடுத்தார். குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது.

“நான் இல்லாம நீ தனியா எப்படி இருப்பே, பேச்சி?”

“பழகிக்கிடுதேன்,” என்று பெட்டியை அவர் கையில் கொடுத்தார் பேச்சியம்மாள். “ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டுப் போங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் பண்ணிருங்க.”