மூக்கு சார் ஜூஸ் குடித்த கதை

செண்டில் முக்காத வெறும் ஊதுபத்தியை முகர்ந்துவிட்டு, கண்களை மூடி, "ஆஹா, மைசூர் மல்லிகை!" என்று உருகியவன் நான். அதுவும் முதலாளி முன்னால். அட்டைப்பெட்டியில் 'தெய்வீக நறுமணம்' என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு மூக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஊதுபத்தி கம்பெனியின் மொத்த மூக்கும் ஒரே மனிதரிடம் இருந்தது. மூக்கு சார். கொள்ளேகால்காரர். மைசூரில் அரண்மனைக்கு அடுத்தபடி பாதுகாக்க வேண்டிய பொருள் தன் மூக்குதான் என்பது அவர் கருத்து. அவர் முகர்ந்து தலையாட்டிய பிறகே சரக்கு பாக்கெட்டுக்குள் போகும். முகராமல் அவர் எதையும் செய்ததில்லை. கை குலுக்கினால்கூடத் தன் கையை முகர்ந்துவிட்டு, "சோப்பை மாத்திட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்பார்.

போன வருஷம் தசராவுக்கு முன்னால் அந்த மூக்கு அடைத்துக்கொண்டது. மதியம் அக்ரஹாரம் சர்க்கிளில் என்னோடு ஜூஸ் குடிப்பார். கம்பெனிக்குத் திரும்புவதற்குள் இரண்டு துவாரமும் கதவடைப்பு. மறுநாள் மதியம்தான் மெல்லத் திறக்கப் பார்க்கும்; அதற்குள் அடுத்த ஜூஸ் வேளை வந்துவிடும்.

ஐஸ்தான் காரணம் என்றார். ஐஸ் இல்லாமல் குடித்தார், அடைத்தது. திராட்சையிலிருந்து அன்னாசிக்கும், அங்கிருந்து ஆரஞ்சுக்கும் கட்சி மாறினார், அடைத்தது. நாலு புத்தகம் படித்த திமிரில் நான், பாட்டில் ஜூஸில் கெடாமலிருக்கப் போடும் மருந்து, வயிற்றிலிருந்து மேலேறும் புளிப்பு, மகரந்த ஒவ்வாமை என்று அடுக்கினேன். அவர் குடித்தது கண்ணெதிரே பிழிந்த ஜூஸ் என்பது என் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. டாக்டரோ, எதுவாகவும் இருக்கலாம், கொஞ்ச நாள் ஜூஸை நிறுத்திப் பாருங்கள் என்றார்.

"காரணம் கேட்டா நிறுத்தச் சொல்றாருங்க. இவரெல்லாம் ஒரு டாக்டர்!"

முதலாளி கன்னடமும் தமிழுமாக வந்து நின்றார். "ஏன்ரீ மூக்கு சார், தசரா சரக்கு நாளைக்குப் போகணும். ஆகாதுன்னா சொல்லிடுங்க, பெங்களூர்லருந்து வேற ஆள் வரச் சொல்றேன்."

மூக்கு சார் கையைப் பிசைந்து நான் பார்த்தது அன்றுதான். நண்பரைக் காப்பாற்றும் வேகத்தில் தட்டிலிருந்து ஒரு பத்தியை எடுத்தேன். மேலே சொன்ன 'ஆஹா' அப்போது நிகழ்ந்ததுதான்.

"அது இன்னும் செண்ட் போடாததுரீ," என்றார் முதலாளி. "அவருக்கு மூக்கு அடைச்சிருக்கு. உங்களுக்கு மூக்கே இல்ல. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்."

மறுநாள் ஜூஸ் கடையில் மூக்கு சார் சண்டைக்குப் போனார். "மிளகுப்பொடி எங்கீங்க? நேத்தைவிட அதிகமாத் தூவச் சொன்னனில்ல?"

"காலி சார்! தினம் நீங்களே அரை டப்பா கேட்டா?"

கடைக்காரர் ஜூஸின் மேல் மிளகு தூவ ஆரம்பித்ததே அந்த மாதம்தான். அடைத்த மூக்கை மிளகு திறக்கும் என்று இவர் நாளுக்கு நாள் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். பிறகு தொழில் பழக்கத்தில் டம்ளருக்குள் மூக்கை நுழைத்து, ஆழமாக ஒரு இழு இழுத்துவிட்டுத்தான் குடித்திருக்கிறார்.

முணுமுணுத்தபடி வெறும் ஜூஸைக் குடித்தார். காத்திருந்தோம். சட்டென்று நிமிர்ந்தார்.

"சார்... கடைக்குப் பின்னால சாக்கடைங்க!" கண் கலங்க இன்னொரு முறை இழுத்தார். "அருமையான சாக்கடைங்க சார்!"

சாயங்காலம் சரக்கு முழுவதையும் முகர்ந்தார். ஒரு தட்டைத் திருப்பி அனுப்பினார். மற்றதற்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்ப்பதற்காகவே எனக்கு வேலையில்லாத இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, காரணத்தை நானே கண்டுபிடித்த மாதிரி மனைவியிடம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"தினமும் அவருக்கு எதிர்லதான உக்காந்து ஜூஸ் குடிச்சீங்க? கண்ணைத் தொறந்து வச்சுட்டா?"