பெண் பார்க்க வந்த டேமேஜ்

தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்ற வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆரணியில் இருந்தார். ஆயுசு பூராவும் பட்டுச் சேலை ஏஜென்டாக அலைந்தவர். கடைக்காரர் முன்னால் சேலையை விரித்ததும், "மொதல்ல டேமேஜ் சொல்லிட்றேன்" என்று ஆரம்பித்து, முந்தியில் அறுந்த இழையைத் தானே விரல் வைத்துக் காட்டுவாராம். கடைக்காரர் மீதியைப் பார்க்காமலே வாங்கிக்கொள்வாராம். அப்படித்தான் அவருக்கு டேமேஜ் என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்து ஆரணிக்குப் போனேன். கல்யாணமாகாதவனுக்கு வீடு தர ஊரில் ஆளில்லை. பாதி வீடுகளில் இடத்தையெல்லாம் தறி பிடித்திருந்தது. மீதி வீடுகளில் வயசுப் பெண்கள் இருந்தார்கள். கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தின் மாடியில் அறை கிடைத்தது. வாடகை குறைவு. பதிலுக்கு மாடியில் குடியிருக்கும் பையன்கள் தினமும் கீழே இறங்கி வந்து பெரியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பேச வேண்டும். இது இல்லத்தை நடத்திய மேனேஜரம்மாவின் ஏற்பாடு.

அவர் எனக்கு அறையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, கீழே இல்லத்தில் இருந்த டேமேஜ் வந்துவிட்டார். "கொழாயில தண்ணி வராது. சாம்பார்ல பருப்பைத் தேடணும். கீழ ஒருத்தர் இருமினா மேல வரைக்கும் கேக்கும். சம்மதம்னா பெட்டியை எறக்கு" என்றார். மேனேஜரம்மா அவரை முறைத்தார். நான் பெட்டியை இறக்கினேன். மூன்றும் சத்தியமான உண்மை.

பேச வேண்டும் என்று பெயர்தானே தவிர, நடந்தது விசாரணை. சினிமாவுக்குப் போய்விட்டு லேட்டாக வந்தால் எந்த வீட்டிலும் ஒரு அப்பாதான் கேள்வி கேட்பார். எங்களை ஒரு பந்தியே கேட்டது. நாங்களும் சும்மா விடவில்லை. யார் மாத்திரையை விழுங்காமல் ஜன்னலுக்கு வெளியே எறிந்தார் என்பதை உடனுக்குடன் மேனேஜரம்மாவிடம் போட்டுக்கொடுத்தோம். ஆக மொத்தம் வீடு போலத்தான் இருந்தது.

ஒருமுறை வந்தவாசிப் பக்கமிருந்து ஒருவர் தன் அம்மாவை அங்கே சேர்க்க வந்தார். மேனேஜரம்மா வசதிகளையெல்லாம் விளக்கி முடித்ததும் டேமேஜ் குறுக்கே வந்தார். "இங்க சோறு இருக்கு, டாக்டர் இருக்காரு. டேமேஜ் ஒண்ணே ஒண்ணுதான். மொத மாசம் வாரா வாரம் வருவே. அப்புறம் பொங்கலுக்கு வருவே. அப்புறம் போன்ல பேசுவே." வந்தவர் அம்மாவை மறுபடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மேனேஜரம்மா ஒரு வாரம் டேமேஜோடு பேசவில்லை.

நான் பெற்றோர் இல்லாமல் விடுதியில் வளர்ந்தவன். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், பையனுக்கு மனுஷங்க யாரும் இல்லையே என்ற ஒரே காரணத்தால் தட்டிப்போயின. மூன்றாவதாகப் போளூரில் ஒரு டீச்சர். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு டெலிபோன் லைன் ரிப்பேருக்குப் போனபோதே பார்த்து, மனசைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இதுவும் போனால் இனிமேல் பெண் பார்க்கவே போவதில்லை என்று இருந்தேன்.

துணைக்கு வருகிறீர்களா என்று டேமேஜிடம் மட்டும்தான் கேட்டேன். மறுநாள் காலை வாசலில் வேன் நின்றது. உள்ளே இல்லமே உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் உறவு பிரித்துக்கொண்டார்கள். ஆண்கள் அத்தனை பேருக்கும் பெரியப்பா வேலைதான் வேண்டுமாம். சித்தப்பாவாக ஒருவரும் இறங்கி வரவில்லை. டேமேஜ் வாயே திறக்கக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து சத்தியம் வாங்கினோம்.

பெண்ணின் அப்பா ஒவ்வொருவரிடமும் பையனுக்கு என்ன உறவு என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பெரியப்பா என்றார் முதலாமவர். பெரியப்பா என்றார் அடுத்தவர். மூன்றாவது பெரியப்பாவிடம் வந்ததும் பெண்ணின் அப்பா முகம் மாறியது. டேமேஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொதல்ல டேமேஜ் சொல்லிட்றேங்க."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நாங்க யாரும் இவனுக்கு ஒறவு இல்லீங்க. முதியோர் இல்லத்துல இருக்கிறவங்க. இவன் மாடியில இருக்கான். பெத்தவங்க இல்ல. கொறட்டை விடுவான். துண்டைத் தொவைக்கவே மாட்டான்."

மீதி உயிரும் போனது. பெண்ணின் அப்பா நிதானமாகக் கேட்டார்: "ஒறவு இல்லாதவங்க இவ்ளோ பேர் எதுக்குங்க வந்திருக்கீங்க?"

டேமேஜ் எங்கள் ஆட்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ராத்திரி இவன் வர லேட்டானா எங்க யாருக்கும் சோறு எறங்காதுங்க. அதுக்கு இன்னா ஒறவுன்னு எங்களுக்குச் சொல்லத் தெரியல."

உள்ளேயிருந்து பெண்ணே வெளியே வந்தாள். "துண்டை அவரே தொவைச்சுக்கணும்பா. அதுக்கு அவருக்குச் சம்மதம்னா, எனக்குச் சம்மதம்" என்றாள். அவள் அப்பா சிரித்துவிட்டார்.

கல்யாணம் போளூரில்தான் நடந்தது. மேடையில் ஏதோ ஒரு சடங்குக்காகப் புரோகிதர் மாப்பிள்ளையின் அப்பாவை வரச் சொன்னார். முன்வரிசையிலிருந்து பெரியவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். முட்டிவலிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒருவர் போதும் என்றார் புரோகிதர். ஒருவரும் உட்காரவில்லை. புரோகிதர் என்னைப் பார்த்தார், நீயே கூப்பிடு என்பது போல.

அந்த வார்த்தையைச் சொல்லி நான் அதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. டேமேஜைப் பார்த்து, "அப்பா, வாங்க" என்றேன்.

எல்லோரும் வந்தார்கள்.