அடையாள அட்டை போட்ட சிறுத்தை

“மூணு மனு எழுதிக் குடுத்தாச்சு. முதல் மனு குடுக்கறப்போ எனக்கு ரெண்டு குட்டி. இப்ப ஒண்ணு. நாலாவது மனுவை யாருக்காக எழுதணும்னு நீங்களே சொல்லுங்க.”

ஒரு காட்டில், பாதுகாப்பு அலுவலக வாசலில் நின்று, சொர்ணம் என்ற புள்ளிமான் சொன்னது இதுதான். நான் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அலுவலகம் என்றால் ஓர் அத்திமரத்தடி. உள்ளே செயலாளர் யானை உட்கார்ந்திருந்தது.

“உணர்ச்சிவசப்படாதேம்மா. உன் கோப்பு நகர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு.”

“யார்கிட்ட இருக்கு?”

“ஆமைகிட்ட.”

சொர்ணம் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஓடையின் அக்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. வெறும் தரையில் முட்டையிடுகிற சாதி. யார் கிட்டே வந்தாலும் கத்திக் காட்டையே கூட்டிவிடும். அதனால் சிறுத்தை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அடிப்பதெல்லாம் இக்கரையில்தான். குருவியிடம் பேசியாயிற்று. இக்கரைக்கு வந்து முட்டையிட அதற்கும் சம்மதம். ஆனால் இக்கரை மணல் அலுவலக நிலம், முட்டையிட அனுமதி வேண்டும். மொத்த மனுவும் இவ்வளவுதான். நம் வீடாக இருந்தால், “இட்டுட்டுப் போயேன்” என்று அடுப்படியிலிருந்தே சொல்லி முடித்திருப்போம்.

“இது கொள்முதல் விஷயம்மா,” என்றது யானை. “முன்னெச்சரிக்கைச் சேவையை நினைச்ச மாதிரி வாங்கிட முடியாது. டெண்டர் விடணும். அதுக்கு முன்னாடி தொழில்துறையைக் கூப்பிட்டுக் கலந்து பேசணும்.”

“குருவி சும்மாத்தானே கத்துது?”

“அதுதான் பிரச்சினையே. சும்மா கத்தறவங்களை எந்த விதியின் கீழ வாங்கறது?”

கலந்து பேசினார்கள். ‘வருங்கால அபாயங்களும் வளரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு மரங்களுக்கு நடுவே பேனர் கட்டினார்கள். அன்னாசிப்பழ கேசரி கொடுத்தார்கள். சொர்ணத்தின் கழுத்தில் ‘பயனாளி’ என்று அட்டை மாட்டிக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள்.

“வருங்காலமா?” என்று பக்கத்திலிருந்த முயலிடம் அது முணுமுணுத்தது. “எனக்கு இந்த வாரத்து அபாயமே தாங்கலை.”

தொழில்துறை சார்பில் நரி வந்தது. மாரல் சயன்ஸ் பீரியடில் சிஸ்டர் சொன்ன கதைகளில் நரிக்கு ஒரு வடைக்கு மேல் ஆசை கிடையாது. இந்த நரிக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தது. அது கொண்டுவந்த சாமானின் பெயர் நுண்கண். ஒரு கம்பம், கம்பத்தின் மேல் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு கண்ணாடிக் கண், கீழே ஒரு மணி, ஒரு பச்சை விளக்கு. சிறுத்தையைக் கண்டால் மணி அடிக்குமாம், அபாயம் இல்லையென்றால் பச்சை எரியுமாம்.

“செயற்கை நுண்ணறிவு சார்,” என்றது நரி. “தானே கத்துக்கும்.”

“எத்தனை நாள்ல கத்துக்கும்?” என்று பின்வரிசையிலிருந்து சொர்ணம் கேட்டது.

“நாள் கணக்கு இல்லம்மா. சிறுத்தை எத்தனை தடவை அடிக்குதோ அதைப் பொறுத்தது. நிறைய அடிச்சா நல்லாக் கத்துக்கும்.”

முன்வரிசை முழுக்கத் தலையை ஆட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டது. ஒரு மிக்ஸி வாங்கப் போனால்கூட, கொஞ்சம் தேங்காய் போட்டு அரைத்துக் காட்டு என்று கடைக்காரரை உலுக்கி எடுத்துவிடுவோம். இங்கே யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேசரி நன்றாக இருந்திருக்கும்.

டெண்டருக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்பது விதி. நரி போட்டது, நரியின் மச்சினன் போட்டது, மச்சினன் வீட்டு முகவரியிலேயே இன்னொரு நரியும் போட்டது. சொர்ணம் பிடித்துத் தள்ளியதால் ஆட்காட்டியும் நாலாவதாகப் போய் நின்றது. படிவத்தை ஆமை நிரப்பியது.

“முன் அனுபவம்?”

“பரம்பரையாக் கத்தறோம்.”

“இதுவரை காப்பாத்தின உயிர்கள்?”

“அதோ, அக்கரையில மேயுதுங்களே.”

“மேயறதெல்லாம் சான்று ஆகாது. சிறுத்தை வந்தது, உன்னாலதான் திரும்பிப் போச்சுன்னு சிறுத்தைகிட்டேயே ஒரு கடிதம் வாங்கிட்டு வா.”

குருவி ஆமையை ஏற இறங்கப் பார்த்தது. “அண்ணே, அதுகிட்ட கடிதம் வாங்கப் போனா நான் எப்படித் திரும்பி வர்றது?”

“அப்போ பதிவுத் தபால்ல கேளு.”

தவிர, குருவி தன் முட்டைகளைக் காப்பாற்றவும் சேர்த்தே கத்துகிறது என்பது விசாரணையில் தெரியவந்தது. சுயநலம் உள்ளவர்களுக்குப் பாதுகாப்புப் பணி தரக்கூடாது. தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.

நரி ஜெயித்தது. இனி ஓடைக்கரையில் கம்பத்தை நட்டுக் களச் சோதனை. சோதனைக்குச் சிறுத்தை வேண்டுமே? கமிட்டியில் யாரும் சிறுத்தையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை, யானையை அது தொடுவதில்லை, ஆமையை அதற்குப் பிடிப்பதில்லை. எனவே யானை சிறுத்தைக்கே கடிதம் எழுதியது. சிறுத்தை, பாவம், எழுதிக் கேட்டவர்களுக்கு மறுக்கத் தெரியாத பிராணி. வந்துவிட்டது.

சோதனை வளாகத்துக்குள் வருகிற எல்லோருக்கும் அட்டை கொடுக்க வேண்டும் என்று இன்னொரு விதி. சிறுத்தையின் கழுத்தில் நீல நாடா போட்டு ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ என்று தொங்கவிட்டார்கள்.

“சாருக்கு எட்டு வருஷக் களப்பணி அனுபவம்,” என்று நரி அறிமுகப்படுத்தியது.

சார் கம்பத்தைக் கடந்து நடந்தார். மணி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு அங்கேயே தினம் ஓர் ஆலோசனைக் கூட்டம். தினமும் சிறுத்தை வரும், தினமும் மணி அடிக்கும். யானை வரவேற்புரையில் மூச்சு விடும் இடத்தில் அடிக்கும். சிறுத்தை டீக்கு எழுந்தால் அடிக்கும். யானைக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“சார் நம்ம ஆளு. அட்டை போட்டவங்களைப் பார்த்தா அடிக்காத மாதிரி பண்ணிடுங்க,” என்றது.

அரை மணி நேரத்தில் நரி பண்ணிக் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்குள் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

சொர்ணம் முன்னங்காலைத் தூக்கியது. “ஐயா, இந்தக் காட்டுல இருக்கறது ஒரே சிறுத்தை. அதுக்கும் அட்டை குடுத்தாச்சு. அப்போ மணி யாருக்கு அடிக்கும்?”

“வெளியிலேருந்து வரப்போற சிறுத்தைகளுக்கும்மா,” என்றது யானை. “வருங்கால அபாயம்னு அவ்வளவு பெரிசா பேனர் கட்டியிருந்தோமே, படிக்கலையா நீ?”

மறு வாரம் ஒரு காலை. சொர்ணத்தின் குட்டி ஓடையில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கம்பத்தடி வழியாகச் சிறுத்தை வந்தது. நுண்கண் திரும்பிப் பார்த்தது, அட்டையைப் படித்தது, மரியாதையாகப் பச்சை விளக்கை எரியவிட்டது. சொர்ணம் அந்தப் பச்சையைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தானும் குனிந்தது.

அக்கரையிலிருந்து ஆட்காட்டி பார்த்துவிட்டது. டெண்டராவது மண்ணாவது என்று முட்டைகளை விட்டுவிட்டு ஓடையைத் தாண்டிப் பறந்து வந்து, சிறுத்தையின் மூக்குக்கு ஒரு முழம் மேலே நின்று கத்தியது. குட்டி எகிறியது. சிறுத்தையின் நகத்தில் வால் மயிர் நாலுதான் மிஞ்சியது.

அன்று மதியமே மறுஆய்வுக் கூட்டம். யானை அறிக்கை வாசித்தது. நுண்கண் நிறுவியதிலிருந்து ஓடைக்கரையில் ஓர் உயிரிழப்பும் இல்லை. நூறு சதவீத வெற்றி. இன்னும் ஆறு கம்பங்களுக்கு ஒப்புதல். நரி எழுந்து கும்பிட்டது.

ஆட்காட்டிக்கு மெமோ. அனுமதியின்றி எல்லை கடந்தது, ஆலோசகரைப் பணி நேரத்தில் தொந்தரவு செய்தது, இயந்திரம் ஒரு நல்ல பாடம் கற்கவிருந்த சமயத்தில் குறுக்கிட்டது. இனி ஓடைப் பக்கம் கத்தினால் அக்கரை முட்டைகளும் அகற்றப்படும். குருவி முட்டைகளை நினைத்துக்கொண்டு கால்நகத்தால் கையெழுத்துப் போட்டது. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் சொர்ணம் முன்வரிசைக்கே வந்து நின்றது. இந்தத் தடவை அதன் குரலில் சண்டை இல்லை.

“ஐயா, கம்பம் இருக்கட்டும். ஆலோசகரும் இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலை. இந்த ஓடையை விட்டா எங்களுக்கு வேற தண்ணி கிடையாது. காலையில ஆறு மணிக்கு, மருதமரத்துப் பள்ளத்துல, என் குட்டி தண்ணி குடிக்கிற பத்து நிமிஷம் மட்டும் அந்தக் குருவியைக் கத்த விடுங்க.”

யானை கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. நரி கம்பங்களுக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தது. ஆமை எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தது.

அன்றைக்குக் கூட்டக் குறிப்பு எழுதுகிற முறை ஆலோசகருடையது. ‘காலை ஆறு. மருதமரத்துப் பள்ளம். பத்து நிமிஷம்’ என்று அது மட்டும் சுத்தமாக எழுதிக்கொண்டது.

நீதி: சிறுத்தையைக் கண்டால் ஓடாதீர்கள், முதலில் அதன் கழுத்தைப் பாருங்கள். அட்டை இருந்தால் அது உங்களைக் கடிக்கவில்லை, ஆலோசனை சொல்கிறது.