வெட்டோத்தி எழுதாத வரிகள்

உலகத்தில் இதுவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த அத்தனை பேரிலும், ஒரு வரி புரோகிராம்கூட எழுதாமல் ஆறு வருஷம் வேலையில் இருந்த ஒரே மனிதர் எங்கள் வெட்டோத்திதான். சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக உழைத்தார். நாங்கள் எழுதியதை அழித்துக்கொண்டிருந்தார்.

வெட்டுக்கத்தியை எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் வெட்டோத்தி என்போம். விறகு கீற, தேங்காய் வெட்ட, வேலி கழிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவருடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது, அதிலும் இனிஷியலை அடித்துவிட்டிருந்தார்.

பூதப்பாண்டியிலிருந்து தினமும் ஒரு ஸ்கூட்டரில் வருவார். அதில் ஓடுவதற்குத் தேவையானது மட்டும்தான் இருக்கும். பக்கப் பெட்டி, பின்சீட்டுக் கம்பி, இரண்டு கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். ஒருநாள் வடசேரியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"கண்ணாடி எங்க?"

வெட்டோத்திக்கு வாழ்க்கையில் இருந்ததே ஒரே ஒரு கேள்விதான். அதை அவரிடமும் கேட்டார். "இது இல்லேன்னா என்ன ஆவும் சார்?"

"இது ஆவும்" என்று போலீஸ்காரர் அபராத ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். மறுநாள் கண்ணாடிகள் திரும்பி வந்தன. எனக்குத் தெரிந்து அவர் எதையாவது சேர்த்தது அந்த ஒருமுறைதான்.

தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிற பொறுப்பை வீட்டார் தெரியாத்தனமாக அவரிடம் ஒப்படைத்தார்கள். முப்பத்தெட்டு சொந்தக்காரர்களின் பெயரோடு போன தாள், அச்சகத்தில் நாலு வரியாக வெளியே வந்தது. பெண், மாப்பிள்ளை, நாள், மண்டபம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் இலை போட்டபிறகும் தாய்மாமன் உட்கார மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்டோத்தி பக்கத்தில் போய் பணிவாகச் சொன்னார்.

"மாமா, பேரு போடல்லேன்னாலும் நீங்கதான மாமா?"

"எனக்க பேரு வேண்டாம்னா எனக்குச் சோறும் வேண்டாம்டே!"

மூன்றாவது பாயசம் வரும்போதுதான் மாமா சமாதானமானார்.

எங்கள் ஆபீஸ் வடசேரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மொத்தம் ஒன்பது பேர். தலைமை ஆபீஸ் சென்னையில். இங்கே எங்களை மேய்க்க ஒரு மேனேஜர். களியக்காவிளைக்காரர். நல்ல மனிதர், ஆனால் எண்ண முடியாத எதையும் நம்ப மாட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் எத்தனை வரி எழுதினார்கள் என்று தாளில் அச்செடுத்து, தண்ணீர் கேனுக்கு மேல் ஒட்டிவிடுவார். எனக்கு நூறு, நூற்றைம்பது என்று வரும். வெட்டோத்தியின் பெயருக்கு நேராக ஒரு கழித்தல் குறி போட்டு, அதன் பிறகு இருநூறோ முந்நூறோ இருக்கும்.

"ஓய், இது என்ன ஓய்? கொத்தனாரு எத்தன கல்லு வச்சாருன்னு பாக்காண்டாமா?" என்பார் மேனேஜர்.

"கல்லு வச்சது சரி சார். வாசலயும் சேத்துல்லா அடச்சிருக்காரு."

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் எங்களுக்கு ஒரு வெளிநாட்டு வேலை வந்தது. மீன்பிடி விசைப்படகில் வழி காட்டுகிற பெட்டி. அதற்குள்ளே சின்னதாக ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதைப் பராமரிப்பதுதான் எங்கள் வேலை. பெட்டி நல்ல பெட்டிதான், ஆனால் சில நாள் சுவிட்சைப் போட்டால் கம்பெனிப் படத்தைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். வெளிநாட்டுக்காரர்கள், "எங்கள் மேசையில் ஒழுங்காக எழும்புகிறது, கடலில் மட்டும் ஏன் இப்படி?" என்று வாரம் ஒரு மெயில் போட்டார்கள்.

தொல்லை எங்கே என்று ஓரளவு தெரிந்திருந்தது. ஒரு நிரல், அதாவது புரோகிராம், ஒரே நேரத்தில் நாலைந்து வேலை பார்க்க வேண்டுமென்றால், நாலைந்து கைகளாகப் பிரிந்துகொள்ளும். ஒரு கைக்குப் பெயர் த்ரெட். ஒன்று வரைபடம் வரையும், ஒன்று செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்கும், ஒன்று நடந்ததைக் குறித்து வைக்கும். இவை ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல், ஆளுக்கொரு பூட்டுக் கொடுத்து நடத்துவது த்ரெட் லைப்ரரி. ஆகவே எல்லோருக்கும் முன்னால் அந்த லைப்ரரி எழும்பியிருக்க வேண்டும். அதை எழுப்புவது யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் தீர்மானித்து வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பகுதியும் உள்ளே நுழையும்போதே "லைப்ரரி எழும்பியாச்சா?" என்று கேட்கும். இல்லையென்றால் தானே தட்டி எழுப்பும்.

கேட்பது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் பதினோரு இடத்தில் அதே கேள்வியைக் கேட்க வைத்தேன். அந்தச் சனிக்கிழமை தண்ணீர் கேனுக்கு மேல் என் பெயர்தான் முதலாவது. மேனேஜர் எனக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். பெட்டி பழையபடியே நின்றது.

வெட்டோத்தி என் திரையை வெகுநேரம் பார்த்தார். "மக்கா, இது இல்லேன்னா என்ன ஆவும்?"

"லைப்ரரி எழும்பாது அண்ணே."

"இருந்தும் எழும்பலியே."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வரிகூட எழுதாத மனிதர் என்னைக் கேள்வி கேட்கிறார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த வாரமே தலைமை ஆபீசிலிருந்து ஓலை வந்தது. மாசக் கடைசிக்குள் பெட்டி சரியாக வேண்டும். சரியானாலும் ஆகாவிட்டாலும் நாகர்கோவிலில் ஓர் ஆள் குறைக்கப்படும், மாசக் கணக்கில் யார் எண்ணிக்கை கடைசியோ அவர். மேனேஜர் அதைப் படித்துவிட்டு யாரையும் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் வெட்டோத்தியைப் பார்த்தோம். அவர் அந்தக் கடிதத்திலேயே மூன்று வார்த்தையை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த மாசமாவது எதையாவது எழுதுங்கண்ணே. பத்து வரி. சும்மா ஒரு பேச்சுக்கு" என்றேன்.

"வேண்டாததை எழுதியா வேலையக் காப்பாத்தணும்? கொள்ளாம் மக்கா, நல்ல கதை" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. அவர் மனைவி அப்போது ஏழு மாசம்.

அது மின்வெட்டு கொடிகட்டிப் பறந்த காலம். ஒருநாள் பத்தரைக்குப் போன கரண்டு பதினொன்றரைக்கு வந்தது. எங்கள் வேலையெல்லாம் மூலையிலிருந்த சர்வரில் இருந்தது. கரண்டு வந்தால் யாராவது பட்டனை அமுக்கி அதை எழுப்ப வேண்டும். யார் என்று யாரும் சொல்லவில்லை. நான் ஓடிப்போய் அமுக்கினேன். விளக்கு எரியச் சற்று நேரமாகும். அதற்குள் இன்னொருவர் வந்து, "ஐயோ, யாரும் ஆன் பண்ணலியா?" என்று அமுக்கினார். அணைந்துபோனது. மூன்றாமவர் அமுக்கினார், எழும்பியது. நாலாமவர் அமுக்கினார், அணைந்தது. ஐந்தாமவரும் வந்து அமுக்கினார், எழும்பத் தொடங்கியது. ஒவ்வொருவரும் உதவிதான் செய்தோம். கடைசியாக மேனேஜரே வந்து, "ஒரு பட்டன அமுக்க இந்த ஆபீசில ஆளில்லியா?" என்று கத்திக்கொண்டே அமுக்கி, பாதி எழும்பியிருந்த சர்வரை மறுபடி படுக்கவைத்தார்.

காலையில் ஆபீசைத் திறந்து பெருக்கி, சாமி படத்துக்கு விளக்கு வைக்கிற தங்கம்மை அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பட்டனுக்கு எத்தன பேரு பிள்ளே? காலத்த கதவத் தொறக்கது நான்தான? தொறந்ததும் நானே அமுக்குதேன். கரண்டு போய் வந்தாலும் நானே அமுக்குதேன். நீங்க ஒருத்தரும் கிட்ட வராண்டாம். கேக்கவும் வேண்டாம்."

வெட்டோத்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அக்கா, இன்னொருக்க சொல்லுங்க."

"என்னத்த?"

"கேக்கவும் வேண்டாம்னியளே, அத."

"ஆமா, எதுக்கு கேக்கணும்? கதவு தொறந்திருக்குன்னா பட்டன் அமுக்கியாச்சுன்னு அர்த்தம்."

அவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா பதறிப்போய் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கடலில படகுக்காரரு பெட்டிய எப்பிடி அணைக்காரு? பேட்டரி வயரப் பிடிச்சு இழுப்பாரு. நம்ம கரண்டு ஆபீஸு செய்யது மாதிரிதான். அடுத்தால எழும்பும்போ, குறிப்பு எழுதுத பகுதி இருக்குல்லா, அது எல்லாருக்கும் முந்தி ஓடிவந்து, போன தடவ பாதியில நின்னுதுன்னு எழுதப் பாக்கும். அதுக்கு ஒரு பூட்டு வேணும். அப்பம் இந்த வரி என்ன செய்யும்?"

"லைப்ரரி எழும்பியாச்சான்னு கேக்கும். இல்லேன்னா எழுப்பும்."

"எழுப்பி, பூட்டும் குடுத்திரும். பொறவு வரிசையில லைப்ரரிக்கு முறை வரும். அது யாரட்டயும் கேக்காம தானா ஒருக்க எழும்பி, எல்லாத்தயும் துடச்சிட்டு முதல்ல இருந்து தொடங்கும். பூட்டு வச்சிருந்தவன் கதி?"

"காத்துக்கிட்டே நிப்பான் அண்ணே."

வெளிநாட்டு மேசையில் பெட்டியை மரியாதையாக அணைத்தார்கள். அதனால் அங்கே குறிப்பு எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. பழைய வரிகள் செய்த தப்பை நான் இன்னும் பதினோரு இடத்தில் செய்திருந்தேன். பழம்பொரியும் தின்றிருந்தேன்.

"இனி நிரலுக்குக் கதவு தொறக்குத இடத்திலேயே லைப்ரரிய ஒருக்க எழுப்பிப்போடுவோம். அதுக்குப் பொறவு வாரவன் ஒருத்தனும் கேக்காண்டாம்" என்றார். பிறகு, யாருடைய வரியையும் கேட்காமல் வெட்டுகிற மனிதர், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "உனக்க வரி எல்லாம் போவும் மக்கா. சம்மதமா?"

"போகட்டும் அண்ணே" என்றேன். அவ்வளவு கூச்சமாக இருந்தது.

லைப்ரரியை எழுப்புகிற வரி ஒன்று ஏற்கெனவே எங்கோ நடுவில் கிடந்தது, அதைத் தூக்கித் தொடக்கத்தில் வைத்தார். மற்றபடி இரண்டு நாள் வெட்டினார். முந்நூற்று நாற்பது வரி போனது. மூன்றாம் நாள் பரிசோதனை. தங்கம்மை அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து பெட்டியின் வயரைப் பிடுங்குவதும் சொருகுவதுமாக இருந்தார். பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

"சாரே, இண்ணைக்கு ஆபீசத் தூத்து வாரல்ல, கேட்டேளா" என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னார் அக்கா.

வெளிநாட்டுக்காரர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். வேலை எங்களிடமே நிலைத்தது. ஆனால் மாசக் கணக்கு மாசக் கணக்குதானே. கடைசி நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். திரையில் ஒன்பது பேர். கடைசியில் வெட்டோத்தி, கழித்தல் எண்ணூற்றுப் பன்னிரண்டு. நான் எழுதியது எல்லாம் வெட்டுப்பட்டுப் போனதில், அவருக்கு நேர் மேலே நான்.

"சார், நான் சேத்தது தப்பு. அவரு எடுத்ததாக்கும் சரி. குறைக்கணும்னா என்னையக் குறைங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அது எனக்குத் தெரியாதா? சென்னையில உள்ளவனுக்குத் தெரியாண்டாமா? அவன் நம்பரத்தான பாப்பான்."

ஐந்து நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசைப்பலகையை இழுத்து, அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டுக்கு முன்னால் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரே ஒரு தட்டு தட்டினார். கழித்தல் குறி போய்விட்டது. வெட்டோத்தி பட்டியலில் முதலாவது ஆளாகிவிட்டார்.

"இருந்ததில ஒரு குறிய எடுத்தேன். ஒண்ணும் சேக்கல்ல, பாத்துக்கோ" என்றார் மேனேஜர், என்னைப் பார்க்காமல்.

இப்போது பட்டியலில் கடைசி ஆள் நான். ஆனாலும் அடுத்த வாரம் சென்னையிலிருந்து, நாகர்கோவிலில் இப்படி உழைக்கிற ஆள் இருக்கும்போது யாரையும் குறைக்க வேண்டியதில்லை என்று பதில் வந்தது. தண்ணீர் கேனுக்கு மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்த வெட்டோத்தி, "கணக்கு தப்பா இருக்கு, சாரட்ட சொல்லணும்" என்று கிளம்பியேவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் டீக்கடையில் உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"சாரு ஒரு குறிதான எடுத்தாரு? நான் முந்நூத்தி நாப்பது வரி எடுத்தும் எனக்க வேலைய என்னால காப்பாத்த முடியல்ல, பாத்தியா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் எங்களோடு இருந்தார். மகள் பிறந்து ஓடியாடித் திரியத் தொடங்கியபின் பெங்களூருக்குப் போனார். இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார் என்கிறார்கள். இந்தக் கட்டுரையை அவர் படித்தால் பாதியை அடித்துவிடுவார், எனக்குத் தெரியும். அடிக்கட்டும் அண்ணே. ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவைத்துவிடுங்கள்: உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.